நாலாவது சீட்

திரையில் ஒருத்தி வாசலில் நிற்கிறாள்.
உள்ளே அவள் பழைய காதலன், அவன் புது மனைவி,
மேஜைமேல் வெட்டாத கேக்.
யாரும் பேசவில்லை.
பிறகு அவள் 'ஆக்வர்ட்' என்கிறாள்.
ஒன்றே முக்கால் விநாடி.
அதற்குள் கண் படித்துவிடக்கூடிய தமிழ் ஒன்றை
நான் அடியில் போடவேண்டும்.
நிமிடக் கணக்கில் கூலி. மௌனமும் அதில் சேர்த்தி
என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சங்கடம் என்று அடித்தேன்.
அதற்குப் பிள்ளையார் மாதம் ஒருநாள்
ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்.
தர்மசங்கடத்தில் தர்மம் வந்து
நாற்காலி கேட்கிறது; கேக்குக்கும் தர்மத்துக்கும் என்ன?
கூச்சம் பல்லுக்கும் வரும்.
அசௌகரியம், ரயில் ஓடாத நாளில்
ஒலிபெருக்கி வருந்துவது.
அகராதியைத் திறந்தால்
'லாவகமற்ற, கோணலான' என்கிறது.
அகராதி யார் வீட்டுக்கும் போய்ப் பழகியதில்லை போல.

ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன்.
இரண்டு டபிள்யூ காலைப் பரப்பி உட்கார்ந்திருக்க
இடையில் ஒரு கே, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு.
ஹார்பர் லைனில் மூன்று பேர் பெஞ்சில்
'தோடா சரக்கோ' என்று சொல்லி
அரைத் தொடை வைக்கும் நாலாவது ஆள்.
சரி, அர்த்தம் தெரிகிறது.
தமிழ் வரவில்லை.

போன ஜூலையில் திலக் நகர் போனேன்.
ஸ்நேஹல் பரபின் அம்மா தவறிப்போனார்கள்.
மழையில் ஏ விங் எது பி விங் எது என்று
பெயின்ட் போன சுவருக்கே தெரியாது.
நானூற்று மூன்று. கதவு திறந்திருந்தது.
பனியனில் ஒருவர். சுவரில் மாலையோடு ஓர் அம்மாள்.
செருப்பை விட்டேன், உட்கார்ந்தேன்,
சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
என் இந்தியில் ஆண்பாலும் பெண்பாலும்
அடிக்கடி இடம் மாறும். அன்றும் மாறின.

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.
மெல்ல எதிரே உட்கார்ந்தார்.
பாப்லெட் வாங்கப் போனால்
செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மீன்காரியிடமே நீட்டி, 'நீயே தின்பாயா இதை?'
என்று கேட்பாளாம்.
சொல்லிக்கொண்டே அழுதார்.
பார்த்தறியாத ஒருத்திக்காக நானும் அழுதேன்,
கர்சீப் எடுத்து, மூக்கைச் சிந்தி,
ஒழுங்காகவே அழுதேன்.

அப்போது போன்.
'எங்கே இருக்கே? ஏ விங்ல எல்லாரும் கிளம்பறாங்க.'

உள்ளறையிலிருந்து பையன் வந்தான்,
ஒரு காதின் இயர்போனை மட்டும் கழற்றி.
ஆயி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறதே என்றான்,
கோபமில்லாமல், திருத்தம் சொல்வதுபோல.
அப்பாவை, என்னை, என் கர்சீப்பை
வரிசையாகப் பார்த்தான்.
சொன்னான் அந்த வார்த்தையை.

எழுந்திருப்பதா, மன்னிப்புக் கேட்பதா,
அழுததை எப்படித் திருப்பி வாங்குவது?
அவரோ அடுப்படியிலிருந்து
டீ கொதித்துவிட்டது, குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.
குடித்தேன். சர்க்கரை அதிகம்.
பிறகு அவரும் சட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.
எதிர் விங்கில் சாவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.
லிஃப்டில் இரண்டு பேரும்
மேலே மாறும் எண்களையே படித்தோம்,
நான்கு, மூன்று, இரண்டு,
ஏதோ பரீட்சைக்குப் போல.
வெளியே ஒரே குடை.
ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது.

இன்று இரவு பன்னிரண்டுக்குள் அனுப்பவேண்டும்.
'ஒரு மாதிரி' என்று போட்டேன்.
எங்கள் பக்கம் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால்
வேறு பொருள்; தெரிந்துதான் போட்டேன்.
சரிபார்ப்பவர் மஞ்சள் பெட்டியில் கேட்டிருக்கிறார்:
எந்த மாதிரி?

திலக் நகர், பி விங், நானூற்று மூன்று
என்று எழுதினேன்.
அழித்தேன்.
அவள் வாசலிலேயே நிற்கிறாள்.
கேக்கை இன்னும் யாரும் வெட்டவில்லை.