நான்கு அங்குலம்

சர்க்கரை ஆலைக் கணக்குகளைத்
தணிக்கை செய்தே முப்பது வருஷம் சோறு தின்றவள்.
ஒரு ராண்ட் இடித்தாலும் தூக்கம் வராது எனக்கு.
அதனால்தான் பொன்னன் வகையறா முழுக்கக் கூடி
என் தலையில் கட்டியது:
"செங்கமலத்தைத் தேடிப் பிடி. கல்லில் வெட்டணும்."

மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். ஜூலைக் குளிர்.
பென்சிலுக்கு மட்டும் அனுமதி.

கப்பல் பட்டியலில் உடனே கிடைத்தாள்.
செங்கமலம். தகப்பன் கூத்தன். போளூர் தாலுகா.
வயது பத்தொன்பது. உயரம் நாலடி பதினொன்று.
இடது கெண்டைக்காலில் தீத்தழும்பு.
எண் அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம்.
வீட்டுத் தகரப்பெட்டியில் மடிப்புக் கிழிந்து கிடக்கும்
விடுதலைச் சீட்டிலும் அதே எண்.
சரி. டிக் போட்டேன்.

அடுத்து உம்சிண்டோ தோட்டத்துப் பேரேடு.
அதே பெயர். அதே எண்.
உயரம் ஐந்தடி மூன்று. தழும்பு இல்லை.

கடலில் இருபத்தாறு நாள்.
நான்கு அங்குலம் வளர்ந்திருக்கிறாள் எங்கள் பூட்டி,
பழைய தோலையும் உரித்துப் போட்டுவிட்டு.

குமாஸ்தா தூங்கி வழிந்திருப்பான் என்று
வேறு யாரும் மூடி வைத்திருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை.
கப்பல் டாக்டரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன்.
பதினேழாம் நாள். சீதபேதி.
வெள்ளச்சி, வயது இருபத்திரண்டு, தனியாக வந்தவள்.
உடல் கடலில். அடையாளம்:
இடது கெண்டைக்காலில் தீத்தழும்பு.

வெளியே யாரோ காரைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது காகிதம் நான் கேட்காமலே வந்தது,
அதே நாடாவில் கட்டியிருந்ததால்.
தமிழில் ஒரு மனு. ஆரணிப் பக்கம். கீழே இருசன் கைநாட்டு.
"என் பெண்சாதி வெள்ளச்சி சொல்லாமல் கொள்ளாமல்
கப்பலேறி ரெண்டு வருஷமாகிறது. துரையவர்கள்
அவளைப் பிடித்தனுப்ப வேண்டியது."
பதில் ஒரே வரி:
விசாரித்ததில் மேற்படியாள் மரணம்.

அந்தப் பதில் தபாலில் போன வாரம்
உம்சிண்டோவில் செங்கமலம் பேரில்
அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு
படி குறையாமல் வாங்கியாகியிருக்கிறது.
மறுவருஷம் பொன்னன் பிறந்தான்.

கழுத்துத் தகர வில்லைகள் இரண்டும்
இடம் மாறிய ராத்திரி விளக்கு எரிந்ததா?
பக்கத்துப் பாய்க்காரி பார்த்தாளா, பார்த்துத் திரும்பிப் படுத்தாளா?
செத்தவள் கழுத்தில் முடிச்சு அவிழ்க்கும்போது
கை நடுங்கியதா, அவசரப்பட்டதா?
அந்த நோட்டில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.

வருஷா வருஷம் இலை போட்டு
"செங்கமலம், வந்து சாப்பிடு" என்று
நாங்கள் கூப்பிட்டதெல்லாம் போளூர்க்காரிக்குப் போயிருக்கிறது.
போகட்டும்.
கடலோடு போனவளைக் கூப்பிட வேறு யார் இருந்தார்கள்?

நேற்று கல் வெட்டுகிறவர் ஃபோன் செய்தார்.
எழுத்துக்கு இத்தனை ராண்ட், பெயர் சொல்லுங்கள் என்றார்.
வகையறாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.
நூறு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சிக்காதவளை
நானா பிடித்துக் கொடுப்பது?

படையலன்றைக்கு ஒரு இலை கூடப் போடச் சொன்னேன்,
தம்பி பெண்டாட்டியிடம்.
யாருக்கு என்றாள்.
உயரமானவளுக்கு என்றேன்.