அவ நிலத்தைப் பார்க்கிறதில்லை

சுவிஸிலிருந்து வந்த பொதியில்
சொக்கலேட்டுக்கும் பழைய ஜக்கெட்டுக்கும் கீழே
அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது.
டினோஜன் அதை ரீவியில் கொழுவிய நாளிலிருந்து
மாங்குளத்தில், எங்கள் முன்னறையில்,
ஒரு பெண் ஓடிக்கொண்டேயிருக்கிறா.

"நல்ல ஸ்ட்ரோங்கான ஆள், சித்தி" என்றான்.
ஓம், ஸ்ட்ரோங்தான்.
மலை ஏறுறா. ஓநாயை வில்லால் விழுத்துறா.
தகப்பனைக் கொன்றவனைத் தேடுறா.
இந்தக் கதைகளில் ஒரு பெண் ஆயுதம் தூக்க
ஒரு தகப்பன் முதலில் சாகவேண்டியிருக்கு.
மூன்று நாள் மழைக்குப் பிறகும்
பின்னல் குலையவில்லை.
கன்னத்தில் ஒரு தழும்பு,
வடிவு கெடாத இடமாய்ப் பார்த்து.
தொடக்கத்திலேயே அதைத் தெரிவு செய்யலாமாம்,
ஒன்பது வகை.
என்னுடையது முழங்காலுக்கு மேலே,
பத்தாவது வகை.

விழுந்தால் ஒரு சத்தம் போடுவா.
நோவில் வருகிற சத்தமில்லை அது.
நோவை எனக்குத் தெரியும்,
அது இவ்வளவு மூச்சை வீணாக்காது.
அக்கா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து
"அயலட்டை என்ன நினைக்கும், சத்தத்தைக் குறையடா" என்பா.

நான் பார்க்கிறது அவவின் கால்களை.
அவ நிலத்தைப் பார்க்கிறதே இல்லை.
பற்றைக்குள் பாயுறா,
ஆளில்லாத வீட்டுக்குள் போறா,
வரம்பை விட்டிறங்கிக் கிணற்றடியைச் சுற்றுறா.
எங்கேயும் சிவப்புத் தடி இல்லை,
மண்டையோடு கீறின பலகை இல்லை.
எவரோ அவவுக்கு முன்னால் போய்
முழுக் காட்டையும் துப்புரவாக்கி வைத்திருக்கினம்.
அவையின்ர பெயர்
கடைசியில் ஓடுகிற பட்டியலில் வருமோ?

விடிய ஐந்தரைக்கு எங்களுக்கு வான்.
அம்பகாமத்துக் காட்டோரம்
சுகிர்தா அந்தத் தொங்கலில், நான் இந்தத் தொங்கலில்,
ஆளுக்கொரு ஒழுங்கை, ஒரு மீற்றர் அகலம்.
முகத்துக்கு மறைப்பு, நெஞ்சுக்குக் கவசம்,
முழங்காலில் நின்று
புல்லை விரல்நீளம் விரல்நீளமாய் வெட்டி
மண்ணைச் சுரண்டி.
வெயில். கட்டெறும்பு.
மாதத்தில் அந்த மூன்று நாளும் அதே முழங்காலில்தான்.
நல்ல நாளென்றால்
ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.

ஒரு ஞாயிறு கொன்ரோலரைத் தந்தான்,
"நீங்களும் ஒருக்கால் விளையாடுங்கோ."
நான் அவவை மெல்ல நடத்தினேன்.
ஒரு அடி. நின்று பார்த்து இன்னொரு அடி.
திரையில் ஏதோ எழுத்து மின்னி மின்னிக் கெஞ்சியது.
"ஓடச் சொல்லுது, சித்தி."
நான் அவவைக் குந்தச் செய்தேன்.
அப்போதுதான் கண்டேன்,
புல்லின் அடியில் ஒரு பொன்வண்டு.
யாரோ பொறுமையாய்க் கீறின வண்டு,
காலில் மயிர்கூட இருந்தது.
டினோஜன் முப்பது தரம் அந்த வழியால் ஓடினவன்,
கண்டதில்லை.
காட்டுவதற்கு வாய் திறக்கமுன்
ஓநாய் வந்து அவவைத் தின்றுவிட்டது.
திரும்ப எழும்பினா, உடுப்பில் தூசியுமில்லை.
அங்கே அது லேசு.

போன செவ்வாய் கேட்டான்,
"இண்டைக்கு ஏதும் எடுத்தனீங்களோ?"
ஒண்டு.
"பிறகு?"
விசில் ஊதினன். பொறுப்பாளர் வந்தவர்.
நாங்கள் பின்னால போய் இருந்து
பிளேன்ரீ குடிச்சம்.
சுகிர்தா பனங்கட்டி கொண்டுவந்தவள்.
"அவ்வளவுதானோ?"
அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்,
என்ர முகத்தையில்லை, கால்களை.
பிறகு பொத்தானை அமத்த
அவ பற்றைக்குள் பாய்ந்தா.

எத்தனை தரம் பார்த்தாலும்
அந்த இடத்தில்
நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.