இடுப்பில் கோடில்லாத ஏழு

கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கியதில்
மிஞ்சியவை ஆறு உறைகள்.
நான்கில் ஏற்கெனவே பெயர் எழுதியாகிவிட்டது,
கடைசி நேரத்தில் வேண்டாமென்று விட்ட பெயர்கள்.
ஆகவே எங்கள் வாடகை
எவுசேபியோ மாமாவின் உறையில் இருக்கிறது.
மின்சாரம், உலிசெஸின் பழைய முதலாளி.
பேருந்துக் காசு, என்னோடு பள்ளியில் படித்து
பிறகு பேச்சு நின்றுபோன கிரிசெல்டா.
மாதம் பிறந்தால்
அழைக்காதவர்களுக்கெல்லாம் மொய் வைக்கிறோம்.

ரொசாரியோவில் பேனாவால் கணக்கெழுதுகிறவர்
பணக்காரர், அல்லது ஊருக்குப் புதியவர்.
செவ்வாய்க்கிழமைப் பால்
வெள்ளிக்கிழமை வேறு பால்.
விலைச்சீட்டின் மேல் விலைச்சீட்டு ஒட்டி
கடை அலமாரியின் விளிம்பே தடித்துப்போயிருக்கிறது.
நோட்டில் எங்கள் முதல் செலவு:
பென்சில் இரண்டு, ரப்பர் ஒன்று.
அடுத்த மாதத்து ரப்பரின் விலையை
இந்த மாதத்து ரப்பரால் அழித்து எழுதினோம்.

முதல் மாதம் பாதி நாள் எழுத மறந்தோம்.
இரண்டாம் மாதம் எழுதினோம், கூட்ட மறந்தோம்.
மூன்றாம் மாதம் துண்டு விழுந்தது.
ஆறாயிரம் பெசோ.

பெரிய தொகையில்லை.
அரைக் கிலோ மாத்தே இலை, ரொட்டி,
மிச்சத்தில் ஒரு சின்ன வெண்ணெய்.
ஆனால் அது போன இடம்
எனக்குத் தெரியவில்லை என்பது
ஆறாயிரத்தைவிடப் பெரிய தொகை.

கேட்டேன்.
“மைதானத்துக்குப் போனாயா?”

கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஆட்டம் பார்ப்பது
பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக.
கோல் என்று அவர்கள் கத்தினால்
எங்கள் பக்கம் அவன் கை மட்டும் உயரும்.
அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.
பிறகு அவன் அம்மா, என் செருப்பு,
விளக்கை அணைக்காமல் தூங்குவது யார்
என்று எங்கெங்கோ போனோம்.
கடைசியில் அவன் வெந்நீர் ஊற்றி
மாத்தேயை என் பக்கம் நீட்டினான்.
நான் வாங்கவில்லை.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரவு இரண்டு மணிக்கு
பக்கம் பக்கமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன்.
கேஸ் சிலிண்டர், அவன் கையெழுத்து: பதினோராயிரம்.
சரியாகத்தான் பட்டது. அந்த விலைக்கு
எப்போதோ வாங்கியிருக்கிறோம்.
எப்போது?
தேதியைப் பார்த்தேன். பதினொன்று.
பதினொன்றாம் தேதி நாங்கள் ஊரிலேயே இல்லை.

பதினேழாம் தேதிதான்,
சுமைகூலி மிச்சமென்று
சிலிண்டரைத் தோளில் வைத்து
மூன்று மாடி ஏறி வந்தான்.
இரண்டு நாள் தோளில் வளையமாய்ச் சிவந்திருந்தது.
மருந்து தடவியது நான்.

துறைமுக எடைமேடையில்
நாளுக்கு முந்நூறு சோயா லாரி எழுதுகிறவன்.
ஏழுக்கு இடுப்பில் கோடு போட அவனுக்கு நேரமில்லை.
என் ஏழுக்கு
கன்னியாஸ்திரீகள் கட்டிவிட்ட அரைஞாண் உண்டு.
என் ஒன்றுக்கு நெற்றியில் நீளமாய் ஒரு முடி.
அவன் ஏழு என் கண்ணில் ஒன்றாகி
வீட்டுக்குள் வந்தது ஏழரை.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில்.
நாள் முழுக்க எதிரே உட்கார்ந்தவர்களிடம்
கடைசி வரியைப் படியுங்கள் என்கிறேன்.

அவனை எழுப்பவில்லை.
ஐந்தரைக்கு அவன் எழுந்து வந்தபோது
வெந்நீர் தயாராக இருந்தது.
முதல் மாத்தே கசக்கும்,
ஊற்றுகிறவரே அதைக் குடிக்க வேண்டும்.
குடித்தேன்.
இரண்டாவதை அவனிடம் நீட்டினேன்.

“ஆறாயிரம்?” என்றான்.
“சிலிண்டர்” என்றேன்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை.
பென்சிலை எடுத்து ஏழின் இடுப்பில்
ஒரு கோடு போட்டான்,
அடுத்த பக்கத்திலும் பள்ளம் தெரியும்படி.
தேதிக்கும் போட்டான்.
பிறகுதான் மாத்தேயை வாங்கினான்.

மறுபடி கூட்டினோம், இந்த முறை சத்தமாக,
அவன் சொல்ல நான் எழுத.
கையிருப்பு நூற்று நாற்பது பெசோ.
அதற்கு ஒரு மிட்டாய்கூட வராது.
கிரிசெல்டாவின் உறையில் போட்டு
வாயை நக்கி ஒட்டினேன்.
பேருந்துக்குச் சில்லறை வேண்டுமென்று
அவன் உடனே அதைப் பிரித்தான்.