விளிம்பு சிதைந்துள்ளது

புதன்கிழமை கம்பி லாரி வரவில்லை.
மேஸ்திரி கையை விரித்ததும்
பத்தரை பஸ்ஸைப் பிடித்துக் காரைக்குடி வந்தேன்.
நுழைவுச் சீட்டு ஐந்து ரூபாய்.
மீதி தரச் சில்லறை இல்லையென்று அடைக்கலம்
இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார்.
ஒன்று எனக்கு,
ஒன்று என் தூக்குவாளிக்கு.

முதல் அறையில் பர்மா அரக்குப் பெட்டிகள்,
மூன்று சாவி கேட்கும் ஒரு பூட்டு.
அடுத்ததில் நேர்த்திக்கடன் சாமான்:
சுடுமண்ணில் ஒரு கை, தகட்டில் ஒரு கண்மலர்,
தொட்டிலோடு ஒரு பிள்ளை,
அய்யனார் குதிரையின் தலை மட்டும்.
கண்ணாடிக்குள் வந்துவிட்டால்
வேண்டுதல் இன்னும் செல்லுமா என்று கேட்க நினைத்தேன்.
அடைக்கலம் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

நான் பார்க்க வந்தது கடைசி அறையில்.

புதுவயல் ரைஸ் மில்லில் எடைமேடைக்குக் குழி.
ஆறடியில் கடப்பாரை
கல்லில் பட்ட சத்தமும் போடவில்லை,
மண்ணில் இறங்கிய சத்தமும் போடவில்லை.
ணொக் என்றது.
உள்ளே யாரோ திரும்பிப் படுத்த மாதிரி.
மில்காரர் மூடு மூடு என்றார்.
சேவுகன்தான் தாசில்தார் ஆபீசுக்குப் போன் போட்டான்.
எங்களுக்கு நாலு நாள் கூலி போயிற்று.

இங்கே மணல் பரப்பி, லைட் போட்டு
உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.
வயிறு இவ்வளவு பெரிதென்று குழிக்குள் தெரியவில்லை.
பக்கத்தில் அட்டை:
முதுமக்கள் தாழி. இரும்புக் காலம்.
விளிம்பு சிதைந்துள்ளது.

சிதைந்துள்ளது.
பழம் கனிந்துள்ளது என்பது மாதிரி.
மழையும் பனை வேரும்
அத்தனை நூறு வருஷம் தொடாமல் விட்ட இடம்,
என் கடப்பாரை நுனி அகலம்.
கட்டைவிரல் வைத்தால் சரியாக இருக்கும்.
வைக்கவில்லை.
தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது,
ஆறு மாசம் தாமதமாக.

"உள்ளே எலும்பு கெடந்துச்சே?"
"டெஸ்ட்டுக்கு மதுரை போயிருக்கு. வந்துரும்."
வெளியூர் போன ஆளைச் சொல்வதுபோல்
வந்துரும் என்றார்.

வாசலில் பார்வையாளர் பதிவேடு.
மேலே யாரோ: மிக அருமை.
அதற்கு மேலே: மின்விசிறி ஓடவில்லை.
பேர் எழுதினேன், ஊர் எழுதினேன்.
கருத்து என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா கொஞ்ச நேரம் சும்மா நின்றது.

விளிம்பை உடைத்தது நான்.
ஆடி பதினேழு,
மதியச் சோற்றுக்குச் சற்று முன்னால்.

அடைக்கலம் கண்ணாடியை ஏற்றிவிட்டு
இரண்டு தரம் வாசித்தார்.
தாழி இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.
"போன் நம்பர் போடலையே," என்றார்.