எதிரொலிப் பெட்டி

அஸ்தம்பட்டியில் டைல்ஸ் கடைக்கு மேலே ஸ்டுடியோ.
கீழே நான், இரவுக் காவல்.
மாதம் பத்தாயிரம், பென்ஷன் தனி.
மேலே நாலு பேர், குழுவின் பெயர் இருபதாம் வளைவு.
போர் பற்றி ஒரு ராக் பாட்டு,
பதினோரு நிமிடம் ஓடுமாம்,
மூன்று வாரமாக அதை முடிக்கத் தெரியாமல்
ஆரம்பித்துக்கொண்டே இருந்தார்கள்.

ரெனிட்டாவின் கிதார் அழுவதில்லை.
உருக்கிய ஈயத்தில் தண்ணீர் பட்டதுபோல் சீறும்,
பிறகு வளையும், இளகும்,
ஒரே ஸ்வரம் ஷட்டர் இடுக்கில் ஒழுகி
என் நாற்காலிக் கால்வரை வந்து நிற்கும்.
அப்போது டியூப்லைட் பச்சையாகும்.
அடுக்கிவைத்த டைல்ஸ் மூச்சுவிடும்.
கஞ்சா அடித்தால்தான் அப்படித் தெரியும் என்றான் ஹபீப்.
எனக்கு டீயே போதுமானதாக இருந்தது.

ஒரு ராத்திரி இறங்கி வந்தார்கள்.
நீங்க மிலிட்டரிதானே?
பாட்டு நடுவுல ஒரு நிஜக் குரல் வேணும்,
வயர்லெஸ்ல பேசுற மாதிரி.
என்ன வேணாலும் சொல்லுங்க.

என்ன வேண்டுமானாலும்.
பஞ்சுத் தொப்பி போட்ட மைக் முன்னால்
வாயில் வந்தது அது ஒன்றுதான்:
"வீட்ல யாரு?"

எண்பத்தேழில், கடலுக்கு அந்தப் பக்கம்,
எங்கள் செக்‌ஷனில் தமிழ் எனக்கு மட்டும்.
கதவுக்குக் கதவு என் வேலை இந்த இரண்டு சொல்.
அங்கே ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள்.
மேஜர் அதைப் பிரார்த்தனை என்று
டைரியில் குறித்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.
பனையோலை வேலி, படலை, மூடிய கதவு.
வீட்ல யாரு?
உள்ளிருந்து, ஏழெட்டு வயதிருக்கும்:
"ஒருத்தரும் இல்லை."

சொன்னதைச் சொன்னபடி இந்தியில் சொன்னேன்.
இலக்கணப் பிழை கிடையாது.
குரல் எல்லோருக்கும் கேட்டது.
இருந்தும் அவர்களுக்கு
அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது.

(ஸ்டுடியோவில் இதைச் சொல்லவில்லை.)

ஹபீப் காலடியில் சின்னப் பெட்டி, நீலம், மூன்று குமிழ்.
மிதித்தான்.
யாரு
   யாரு
      யாரு
பதினேழுவரை எண்ணினேன்.
ஒவ்வொன்றும் ஓர் அறை உள்ளே தள்ளிப் போனது.
கடைசி அறையில் யாரோ
வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதுபோல் ஓய்ந்தது.
செம்ம ஐயா, என்றாள் ரெனிட்டா.
தட்டுவடை செட் வாங்கித் தந்தார்கள்.
பீட்ரூட் சாறு விரலில் இறங்கியது,
சட்டையில் துடைக்காமல் வைத்திருந்தேன்.

மே மாதம், ஏற்காடு, கோடை விழா.
போஸ்டரில் குரல்: நாயக்கர் அர்த்தனாரி.
நாயக் என் பதவி. சாதியாக அச்சடித்துவிட்டார்கள்.
மறுபடி அடிக்கக் காசில்லையாம்.

மூடுபனி மேடைவரை இறங்கியிருந்தது.
விளக்கு பட்டதும் ஊதா, ஆரஞ்சு,
பிறகு நான் பெயர் வைக்க விரும்பாத ஒரு நிறம்.
ஏழாம் நிமிடம் டிரம்ஸ் நின்றது.
சில்வர் ஓக் மரங்களுக்கும் மேலே, அவ்வளவு பெரிதாக
என் குரல்: வீட்ல யாரு?

கூட்டம் கைதூக்கி, ஒரே தொண்டையில்:
"நாங்க!"
பெட்டி திரும்பக் கேட்டது.
"நாங்க!"
அப்பன் தோளில் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும்
எல்லோரும் ஓய்ந்தபின், தாமதமாக,
"நானு!"

கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஸ்வெட்டர் பையில் மிளகுப் பொட்டலம் இருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டேன்.
பாட்டை எப்படி முடித்தார்களோ,
அதற்குள் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன்.

கடைசி பஸ். கண்டக்டர் விளக்கை அணைத்தார்.
வளைவுக்கு வளைவு சேலம் கீழே
கொட்டிக் கிடந்தது, காணாமல் போனது,
மறுபக்கம் மறுபடி கொட்டிக் கிடந்தது.
பதினாலாம் வளைவில்
யாரோ மறுபடி அந்தப் பெட்டியை மிதித்தார்கள்.
ஓம், என்றேன், மெதுவாக.
பக்கத்து சீட்டுக்காரர்
நான் சாமி கும்பிடுவதாக நினைத்து
செருப்புக் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.