முழங்கை ஆழம்

ஒட்டுசுட்டானுக்கு மேற்கே, பாலை மரத்தடியில்
டிடெக்டர் கத்தியது.
தவமலர் முழங்காலில் நின்று
மண்ணை விரல்விரலாய் விலக்கினாள்.
மிதிவெடி இல்லை. முட்டி.
முட்டிக்குள் வெள்ளிக்காசு, காளை படுத்த காசு,
நூற்றுப் பதினொன்று.

வவுனியாவிலிருந்து வந்த அதிகாரி
ஒன்றின் விளிம்பைச் சுரண்டினார்.
செம்பு.
இன்னொன்று. செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு.
"அந்தக் காலத்துக் கள்ளக்காசு.
பாவம், தாட்டவனுக்குத் தெரிஞ்சிராது.
தெரிஞ்சால் இவ்வளவு ஆழம் கிண்டுவானோ?"

அவள் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

வலைஞர்மடத்துப் பங்கருக்குள்
அவளும் ஒரு சங்கிலி தாட்டவள்.
கவரிங்.
நல்லதை இரணைப்பாலையில்
அரிசிக்குக் கொடுத்தது சிவநேசனுக்குத் தெரியாது;
நிவாரணம் என்று சொல்லியிருந்தாள்.
டோர்ச்சைப் பொத்திப் பிடித்தபடி அவன்,
"இன்னும் கொஞ்சம் ஆழமா" என்றான்.

முழங்கை மறையும்வரை கிண்டினாள்.