ஏழாவது வீடு

என் தொழில் கத்தி.
மடாலயத்துக்குக் கீழே அக்ரூட் மரத்தடியில்
ஒரு சிமெண்டு மேடை, ஒரு குழாய், ஒரு கொக்கி.
ஆர்மேனியத் தெற்கு மலைகளில் பாதி ஊர்
நன்றி சொல்ல இங்கேதான் வருகிறது.
ஆட்டைக் கயிற்றில் கொண்டுவருவார்கள்,
வசதியுள்ளவர்கள் காரின் பின்பெட்டியில்.
நான் காரணம் கேட்பதில்லை.
கேட்காமலே சொல்வார்கள்:
பிரசவம், பரீட்சை, பிரான்சுக்கு விசா.

சொஹ்ராப் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இல்லை.
செம்புச் சுரங்கம் சரிந்த செய்தி
பனியைவிடச் சீக்கிரம் எங்கள்மேல் விழுந்திருந்தது.
அவன் மகன் முஷெக் வெளியே வந்தான்,
இடது காதில் மட்டும் ஒரு தையலோடு.
அவனைத் தள்ளிவிட்ட கரேகின்
வரவில்லை.

பாதிரியார் உப்பை ஆசீர்வதித்தார்.
ஆடு அதைச் சொஹ்ராபின் உள்ளங்கையிலிருந்து
நக்கித் தின்றது,
தனக்கென்று யாரோ விருந்து வைத்ததுபோல.
அவன் கை நடுங்கியது; உப்பு சிந்தியது;
ஆடு மண்ணையும் நக்கியது.

கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டேன்,
பதினேழு வருடமாய்க் கேட்க நினைத்ததை:
"சாமி, எல்லாக் கடனையும் ஒருவர்
சிலுவையிலேயே தீர்த்துவிட்டார் என்கிறீர்கள்.
பிறகு இந்தக் கிடா எதற்கு?"

அவருக்கு முழங்கால் வலி. மேடை ஓரம் உட்கார்ந்தார்.
"கடனுக்கா?" என்றார்.
"இது கடனுக்கு இல்லையப்பா.
கடன் தீர்ந்தவன் வீட்டில்
அடுப்பு எரிய வேண்டாமா?"

எனக்குப் பிடிபடவில்லை.
ஆட்டின் கழுத்தைப் பிடித்தேன்.
அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

மதாக் இறைச்சியில் மசாலா கிடையாது.
தண்ணீர், அந்த உப்பு, பொறுமை.
விற்கக் கூடாது, மறுநாளைக்கு வைக்கக் கூடாது,
ஏழு வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும்.
ஆறு வீடு சுலபமாய் முடிந்தது.
பானையைப் பிடித்துக்கொண்டு நானும் வண்டியில் போனேன்.
ஏழாவதைச் சொஹ்ராப் சொல்லவில்லை.
முஷெக்தான் சொன்னான்:
"அர்ப்பெனிக் அக்கா வீடு."

சொஹ்ராப் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அவள் கதவைத் திறந்தாள்.
பானையைப் பார்த்தாள்.
தையல் போட்ட காதைப் பார்த்தாள்.
லவாஷ் எடுத்து மேசையில் விரித்தாள்,
கிண்ணம் இரண்டு வைத்தாள்,
யோசித்து எனக்கும் ஒன்று.

ஓர் உயிருக்கு என்ன சொல்வது?
கல்லறைக் கல்லில் சிலுவை செதுக்குகிறவர்கள்
இலையும் கொடியுமாய் நிரப்புவார்கள்,
வெற்றிடம் விட்டால் பயமோ என்னவோ.
பையன் வாய் நிறைய வெற்றிடத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"கடைசியாக என்ன சொன்னார்?"
அவள்தான் கேட்டாள்.

அவன் ரொட்டியைக் கிழித்தான். மறுபடி கிழித்தான்.
"சொல்லு."
"அக்கா... கெட்ட வார்த்தை."
"சொல்லு."
"'நகருடா, கழுதைக்குப் பிறந்தவனே' என்றார்.
முதுகில் உதைத்தார்.
அவ்வளவுதான். அப்புறம் தூசி."

அவள் சிரித்தாள்.
சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.
"அவனேதான்," என்றாள்,
"உப்புப் போதாவிட்டாலும் அதே வார்த்தைதான்."
கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுக்
குழம்பை ருசி பார்த்தாள்.
"இதில் போதும்."

நான் கோவிலில் கேட்ட மீட்பு
எப்போதும் வெள்ளை உடையில் இருந்தது,
கையில் விளக்கோடு.
இருட்டில் பூட்ஸ் காலோடு வந்து
முதுகில் உதைக்கும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அந்தப் பையன் இனிக் காலமெல்லாம்
அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பான்.
அவனாகத் தேடாதது; திருப்பித் தர முடியாதது.

கிளம்பும்போது முஷெக் பானையை எடுக்கப் போனான்.
அவள் அதன்மேல் கையை வைத்தாள்.
"நாளைக்கு வந்து எடுத்துக்கொள்.
விறகு பிளக்க ஆளில்லை."

மறுநாள் போனான்.
பானை காலியாகவில்லை என்றாள்.
அதற்கடுத்த நாள், கழுவவில்லை என்றாள்.
மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது.
அவள் வீட்டு விறகடுக்கு
ஊரிலேயே உயரம்.

அந்தப் பானை என்னுடையது.
நான் இன்னும் கேட்கவில்லை.